ஜெனரேட்டர் சுவரை ஒட்டிய கூண்டுகள்

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். கதிரியக்கத்தை எண்ணித் தரும் கருவியிலிருந்து வந்த நீளமான அச்சுத் தாள். இடப்பக்கம் அழுத்தத்துக்கு, அதாவது 'ஸ்ட்ரெஸ்'ஸுக்கு, ஆளாக்கிய எலிகளின் எண்கள், வலப்பக்கம் நாங்கள் 'கன்ட்ரோல்' என்று அழைக்கும், எதுவும் செய்யாமல் விட்ட எலிகளின் எண்கள். இரண்டு பத்திகளையும் இடம் மாற்றி வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எட்டு மாத உழைப்பு அப்படி முடிந்திருந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். பென்சில் தாளைக் கிழித்திருக்கிறது.

அது 2012. சென்னையில் முனைவர் பட்டத்துக்கான மூன்றாம் ஆண்டு. என் கேள்வி எளிமையானது, பழையதும்கூட: உடல் அழுத்தத்தில் இருக்கும்போது, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி வெளியிடும் ஹார்மோன்கள், நோய் எதிர்ப்புச் செல்கள் பெருகும் இடங்களில் டி.என்.ஏ. உருவாவதை எவ்வளவு குறைக்கின்றன? மனிதனில் அந்த ஹார்மோன் கார்டிசால்; எலியில் கார்ட்டிகோஸ்டீரோன். செல்கள் பெருகும் இடம் என்று நான் எடுத்துக்கொண்டது தைமஸ். நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, வெளிறிய இரு மடல்களாகக் கிடக்கும் உறுப்பு. நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி-செல்கள் பயிற்சி பெறுவது அங்கேதான். இளம் எலியில் அது அரைக் கிராம் அளவில்தான் இருக்கும். ஆனால் அதற்குள் செல்கள் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கும். பிரிய வேண்டும் என்றால் முதலில் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் வேகத்தை அளந்தால் பெருக்கத்தை அளந்ததாகும்.

அளக்கும் முறை இது. தைமிடின் என்பது டி.என்.ஏ.வுக்கு மட்டுமே உரிய கட்டுமானப் பொருள், ஆர்.என்.ஏ.வில் வழக்கமாக இருக்காது. அதில் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனைப் பொருத்தி எலியின் வயிற்றுக்குள் ஊசி மூலம் செலுத்துவோம். ஒரு மணி நேரத்துக்குள், அப்போது டி.என்.ஏ. எழுதிக்கொண்டிருக்கும் செல்கள் அதை எடுத்துக் கோத்துவிடும். பிறகு எலியைக் கொன்று தைமஸை எடுத்து, அரைத்து, குளிர்ந்த டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் வீழ்படிவாக்கி, திரும்பத் திரும்பக் கழுவி, கோக்கப்பட்ட கதிரியக்கம் எவ்வளவு என்று எண்ணுவோம். அதே மாதிரியில் மொத்த டி.என்.ஏ. எவ்வளவு என்பதை டைபீனைல் அமீன் என்ற வேதிப்பொருள் தரும் நீல நிறத்தால் தனியே அளப்போம். நிறம் வர ஓர் இரவு ஆகும். மறுநாள் காலை கதவைத் திறந்ததும் ஊறுகாய்ப் பானையைத் திறந்ததுபோல அசிட்டிக் அமில வாடை முகத்தில் அடிக்கும். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் நெருக்கியடித்து வந்து அந்த வாடையை முகர்ந்தால்தான் என் நாள் தொடங்கும்.

அழுத்தம் கொடுத்த முறை: காற்றுத் துளைகள் போட்ட நெகிழிக் குழாய்க்குள் எலியைத் திரும்ப முடியாதபடி நாளுக்கு இரண்டு மணி நேரம் அடைத்து வைப்பது. ஒரு வாரம். வலி கிடையாது, ஆனால் எலிக்கு அது பெரிய அச்சம். அதை ஒவ்வொரு நாளும் செய்தவள் நான்தான் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1936இல் மாண்ட்ரியாலிலிருந்து ஹான்ஸ் செல்யே 'நேச்சர்' இதழுக்கு எழுதிய சிறு கடிதம் இந்தத் துறையின் தொடக்கப் பத்திரம். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அறுவை செய்தாலும், ஓடவைத்துக் களைப்பாக்கினாலும், ஏதாவது மருந்தை மிதமிஞ்சிச் செலுத்தினாலும் உடலுக்குள் நடப்பது ஏறத்தாழ ஒன்றே என்றார்: அட்ரீனல் பெருக்கிறது, தைமஸும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்குகின்றன, இரைப்பையில் புண் விழுகிறது. தைமஸ் சுருங்குவது 48 மணி நேரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். முதலில் அவர் தேடியது வேறு ஒரு புதிய ஹார்மோனை. சினைப்பைச் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார், மாற்றங்கள் தெரிந்தன, மகிழ்ந்தார். ஆனால் வேறு உறுப்புகளின் சாற்றுக்கும், கடைசியில் வெறும் ஃபார்மலினுக்கும் அதே மாற்றங்கள் வந்தன. எதைச் செலுத்தினாலும் எலி ஒரே விடையைச் சொன்னது. அந்த ஏமாற்றத்தைத் தூக்கி எறியாமல் அதையே கண்டுபிடிப்பாக மாற்றியதுதான் அவருடைய திறமை.

எனக்கு அந்தத் திறமை இல்லை. ஏமாற்றம் மட்டும் இருந்தது.

நெறியாளர் தாளைப் பார்த்துவிட்டு, "ஊசி சரியாகப் போட்டாயா?" என்று கேட்டார். போட்டிருந்தேன். "அமிலம் பழையதா?" இல்லை. மறுபடியும் செய்யச் சொன்னார். மறுபடியும் அதே எண்கள். ஒரு வாரம் தூங்காமல், இந்த ஹார்மோனுக்கும் டி.என்.ஏ.வுக்கும் தொடர்பே இல்லை என்று உலகத்தை மறுக்கும் கட்டுரை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். பொதுவாக மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இந்த நோய் வரும்.

விடையைத் தந்தவர் விலங்குக் கூடத்தைப் பராமரித்த அண்ணன். இருபது ஆண்டுகளுக்கு மேல் எலிகளோடு இருந்தவர். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். நான் கூண்டுகளைக் கழுவுமிடத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, "ஏம்மா, உன் சும்மா எலிகள் சும்மா இல்லை, தெரியுமா? கரண்ட் போனால் எல்லாம் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்துவிடும்" என்றார்.

கூடத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். அப்போது சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. எங்களுக்குப் பெரும்பாலும் முற்பகலில் விழும். சுவரை ஒட்டிய அடுக்கில் இருந்தவை கன்ட்ரோல் கூண்டுகள். கதவுக்கு அருகிலிருந்த அடுக்கில் அழுத்தக் குழு. தூக்கிச் செல்ல வசதி என்று நானே அப்படி வைத்தது. ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும் நேரத்தில் அழுத்தக் குழு நடையின் கடைசியில் உள்ள அமைதியான அறையில் குழாய்களுக்குள் இருக்கும். கன்ட்ரோல் எலிகள் சுவரோரம், தரை அதிர, டீசல் புகை கசிய. இரண்டு குழுவுக்கும் நாளுக்கு இரண்டு மணி நேரம் அழுத்தம் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்குக் குழாயால், இன்னொன்றுக்கு என் கவனக்குறைவால்.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு என் குறிப்பேட்டை வேறு கண்ணோடு படித்தேன். இன்னொரு தவறு வெளியே வந்தது. கொல்லும் நாளில் எப்போதும் அழுத்தக் குழுவை முதலில் முடித்துவிட்டு, பிறகு கன்ட்ரோல் குழுவை எடுத்திருக்கிறேன். ஒழுங்காக இருக்கட்டும் என்று. அதே அறையில், முன்னால் போன எலிகளின் சத்தத்தையும் வாடையையும் வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் எலிகள் காத்திருந்திருக்கின்றன. எலியைக் கூண்டிலிருந்து தூக்கிய சில நிமிடங்களில் இரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறத் தொடங்கிவிடும். மூன்று நிமிடங்களுக்குள் இரத்தம் எடுக்காவிட்டால் நீங்கள் அளப்பது உங்கள் கையை என்பார்கள். என் கடைசி எலி ஒரு மணி நேரம் காத்திருந்தது.

கூண்டுகளை மாற்றினேன், வரிசையைக் குலுக்கிப் போட்டேன், கொல்வதற்குத் தனி அறை கேட்டு வாங்கினேன், புதிதாக வந்த எலிகளை ஒரு வாரம் தொடாமல் விட்டேன். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில். எண்கள் பிரிந்தன: கன்ட்ரோல் எலிகளின் தைமஸ் கொழுகொழுவென்று இருந்தது, டி.என்.ஏ. உருவாக்கம் மேலே ஏறியது, அழுத்தக் குழு கீழேயே நின்றது. ஆனால் ஜெனரேட்டர் எவ்வளவு கெடுத்தது, காத்திருப்பு எவ்வளவு கெடுத்தது என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. பொறுமையுள்ளவர் ஒவ்வொன்றாகத் திருத்தியிருப்பார். எனக்கு உதவித்தொகை முடியப் போகிறதே என்ற பயம்.

இப்போது இளைய மாணவர்கள் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: ஊசியைத் தொடுவதற்கு முன் விலங்கு அறையில் ஒரு முழு நாள் உட்காருங்கள். எப்போது கழுவுகிறார்கள், எந்தக் கதவு அறைகிறது, எந்தக் குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. நம் காதுக்கு எட்டாத மிகை ஒலியும் எலிக்குக் கேட்கும் என்பதால் நம் அமைதி அதற்கு அமைதி ஆகாது. 2014இல் அதே மாண்ட்ரியாலில் இன்னொரு குழு, ஆண் ஆராய்ச்சியாளரின் வாடை பட்டாலே எலிகளுக்கு அழுத்தம் ஏறுகிறது என்று காட்டியது. செல்யேயின் எலிகளுக்கு யார் ஊசி போட்டார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நேரமும் முக்கியம். மனிதனுக்குக் கார்டிசால் உச்சம் காலையில்; இரவில் நடமாடும் எலிக்கு மாலையில். ஒரு நாள் பத்து மணிக்கும் மறுநாள் நான்கு மணிக்கும் இரத்தம் எடுத்துவிட்டு இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் நீங்கள் கடிகாரத்தை அளந்தவர்.

எண்ணைப் பொருள் கொள்வதிலும் ஒரு பள்ளம் உண்டு. நான் அதில் விழுந்து எழுந்தவள். தைமிடின் கோப்பு குறைந்தால் 'டி.என்.ஏ. உருவாக்கம் தடைபட்டது' என்று உடனே எழுதக் கை ஊறும். ஆனால் இந்த ஹார்மோன் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறது. மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சிலும் உள்ள முதிர்ந்த டி-செல்களில், பெருகச் சொல்லும் தூதான இன்டர்லூக்கின்-2 உற்பத்தியை அடக்கி, டி.என்.ஏ. எழுதும் கட்டத்துக்குள் செல்லை நுழையவிடாமல் வாசலிலேயே நிறுத்துகிறது. அது தடை. தைமஸில் உள்ள இளம் டி-செல்களை, குறிப்பாகப் பயிற்சியின் நடுவில் இருப்பவற்றை, அது கொன்றுவிடுகிறது. 1980இல் ஆண்ட்ரூ வைலி காட்டியதுபோல, அப்படிச் சாகும் செல் தன் டி.என்.ஏ.வைத் தானே ஒழுங்கான துண்டுகளாக நறுக்கிக்கொள்கிறது. அந்தத் துண்டுகளை மின்சாரத்தால் ஜெல்லில் ஓட்டி அளவுவாரியாகப் பிரித்தால் ஏணிப் படிகள்போலத் தெரியும். எழுதுபவர் கையை நிறுத்துவதும், எழுதுபவரே இல்லாமல் போவதும் ஒன்றல்லவே. போதாததற்குச் செத்த செல்கள் வெளியிடும் சாதாரணத் தைமிடின், நாம் செலுத்திய கதிரியக்கத் தைமிடினோடு போட்டியிட்டு எண்ணை இன்னும் கீழே இழுக்கும். ஆகவே உறுப்பின் எடை, செல்களின் எண்ணிக்கை, ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ.வுக்கான கதிரியக்கம் மூன்றையும் சேர்த்தே பாருங்கள். முடிந்தால் அந்த ஏணியையும் ஓட்டிப் பாருங்கள். என் முதல் வரைவில் ஏணி இல்லை. இதழின் மதிப்புரையாளர் ஒரே வரியில் திருப்பி அனுப்பினார், சரியாகத்தான் செய்தார்.

அட்ரீனலின் பற்றியும் கேட்பார்கள். அது வேகமான ஆள். சில நிமிடங்களில் எதிர்ப்புச் செல்களை இரத்தத்துக்குள் திரட்டும். அந்த நேரத்தில் இரத்தம் எடுத்தால் எதிர்ப்பாற்றல் 'கூடியிருக்கும்'. மணிக்கணக்கில் நீடித்தால் கார்டிசாலின் ஆட்டம், செல்கள் இரத்தத்தை விட்டு எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களுக்குப் போய்விடும். அழுத்தம் எதிர்ப்பாற்றலைக் கூட்டுமா குறைக்குமா என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பவரிடம், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

என் கன்ட்ரோல் எலிகளின் கதையை ஒரு கருத்தரங்கில் வெட்கத்தோடு சொன்னபோது, மூத்த நோயியல் பேராசிரியர் ஒருவர் இதைவிடப் பெரிய கன்ட்ரோல் தவறு ஒன்றைச் சொன்னார். கேட்டுவிட்டு அன்றிரவு என்னால் சாப்பிட முடியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் அறுத்துப் பார்த்த உடல்கள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. நெடுநாள் நோயிலும் பட்டினியிலும் கிடந்து இறந்தவர்கள். அவர்களின் தைமஸ் சுருங்கிக் கிடந்தது. அதுதான் இயல்பான அளவு என்று பாடப்புத்தகம் எழுதிக்கொண்டது. நலமாக இருந்து திடீரென்று தொட்டிலில் இறந்த குழந்தையை அறுத்தால் தைமஸ் பெரிதாக இருந்தது. அழுத்தத்துக்கு அது ஆளாகவில்லை என்பதால். ஆனால் மருத்துவர்கள், வீங்கிய தைமஸ் மூச்சுக்குழாயை நெரித்துக் கொன்றது என்று முடிவு செய்து அதற்கு நீளமான லத்தீன் பெயரும் வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், நலமாக இருந்த எத்தனையோ குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் தைமஸைச் சுருக்குவதற்காக எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டரில் அப்படிக் கதிர் வாங்கிய குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது தைராய்டுப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. தைமஸ் எதற்கென்றே 1961இல் ஜாக் மில்லர் காட்டும்வரை தெரியாது. எனக்குப் போனது எட்டு மாதம்.

மனிதர்களிடம் இது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் ஆய்வு சிட்னியில் நடந்து 1977இல் வெளியானது. துணையை இழந்த 26 பேரின் இரத்தத்திலிருந்து டி-செல்களை எடுத்து, ராஜ்மா போன்ற அவரையினப் பயறுகளிலிருந்து கிடைக்கும் லெக்டின் புரதத்தால் தூண்டி, எவ்வளவு பெருகுகின்றன என்று பார்த்தார்கள். துக்கம் நடந்து இரண்டு வாரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதற்கு ஆறு வாரம் கழித்துப் பெருக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடும் வரி ஒன்று உண்டு: அவர்களின் கார்டிசால் அளவு மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை. செல் தளர்ந்திருக்கிறது, ஆனால் நாம் குற்றவாளி என்று கை காட்டும் ஹார்மோன் அந்த இரத்தத்தில் கூடுதலாக இல்லை. அந்த வரியைப் படித்த பிறகு 'கார்டிசாலைக் குறைக்கும்' பொடிகள், கஷாயங்கள் பற்றிய விளம்பரங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இனி வீட்டுக் கதை. அந்த ஆண்டுகளில் அப்பா படுக்கையில் இருந்தார். அம்மாதான் எல்லாம். ஒரு நாள் அரிவாள்மனையில் அம்மாவின் ஆள்காட்டி விரல் கிழிந்தது. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது அப்படி நினைத்தேன். 1995இல் ஓஹியோவில், மறதி நோயுள்ள உறவினரைப் பராமரித்த பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் உண்டாக்கிப் பார்த்தார்கள். மற்ற பெண்களைவிட ஆறுவதற்கு ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. என் அம்மா அந்த ஆய்வுக்குள்ளிருந்து எழுந்து வந்ததுபோல இருந்தார். "நீங்கள் தூங்குவதே இல்லை, அதனால்தான் அம்மா" என்று பாடம் நடத்தினேன். பக்கத்து வீட்டு அத்தை பார்த்துவிட்டு, "சர்க்கரை பார்த்தீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். பார்த்தோம். சாப்பிடாமல் எடுத்த இரத்தத்திலேயே எகிறியிருந்தது. மாத்திரை தொடங்கியதும் விரல் மெல்ல ஆறியது. கார்டிசால் சர்க்கரையையும் ஏற்றும் என்பதால் நான் சொன்னதிலும் ஓர் இழை உண்மை இருந்திருக்கலாம். ஆனால் அந்த இழையைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் ஓட்டியிருந்தால் விரல் போயிருக்கும். ஆறாத புண், குறையாத காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு எதுவானாலும் அழுத்தம் என்று பெயர் வைப்பதற்கு முன் பரிசோதனை செய்துவிடுங்கள். ஆய்வகத்துக்காரி வீட்டிலேயே அதைச் செய்யவில்லை.

நான் மருத்துவர் அல்ல. ஆனால் இந்த ஹார்மோனோடு நெடுநாள் பழகியவள் என்ற முறையில் உறவினர்கள் கேட்பதால் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்த சில விஷயங்கள் உண்டு. பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் எல்லாம் கார்டிசாலின் வலுவான உறவினர்கள். நான் எலியில் அளந்த அதே அடக்குமுறையைத்தான் மருத்துவர் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார். 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்சாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. மறு ஆண்டே, அதே வகை மருந்துகளை அளவுக்கு மீறியும் தேவையில்லாமலும் எடுத்த சர்க்கரை நோயாளிகள் பலரைக் கருப்புப் பூஞ்சை பிடித்ததை நம் ஊரிலேயே பார்த்தோம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு வாங்காதீர்கள். பல வாரம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது; வெளியிலிருந்து வருகிறதே என்று அட்ரீனல் தூங்கிப் போயிருக்கும், எழுப்ப நாளாகும். கார்டிசால் பரிசோதனைக்குச் சொன்னால், எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லுங்கள், அது அளவைக் கூட்டிக் காட்டும். தடுப்பூசிக்கு முன்னும் பின்னும் நன்றாகத் தூங்குங்கள் என்பதற்கும் சான்று உண்டு: இரவுக்கு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களுக்கு ஃபுளூ ஊசி போட்டதில், பத்து நாள் கழித்து எதிர்ப்பொருள் பாதிக்கும் குறைவு. சில வாரங்களில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பாதிச் செய்தியைச் சொல்லிப் பயமுறுத்துவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆய்வேட்டில் ஜெனரேட்டர் கதையை எழுதலாமா என்று நெறியாளரோடு இரண்டு வாரம் வாதாடினேன். தோற்ற பரிசோதனையை யாராவது எழுதுவார்களா என்றார் அவர். கடைசியில் நான்காம் இயலில் ஆறு பக்கம், கூடத்தின் வரைபடத்தோடு சேர்த்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மற்ற இயல்களை விட்டுவிட்டு அந்த வரைபடத்தில் விரலை வைத்தார்.

"திருத்திய பிறகு உங்கள் கன்ட்ரோல் எலிகள் அழுத்தமில்லாமல் இருந்தன என்று எப்படித் தெரியும்?"

"தெரியாது, ஐயா. மூலையில் குவியவில்லை. அது மட்டும் தெரியும்."

அவர் அதைக் குறித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.